பரண்மேல் இருப்பது

அன்புள்ள அம்மணிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு மன்னியுங்கள். தனியாக உங்களுக்கு மட்டும் எழுதியிருக்கலாம். நீங்கள் கேட்டதையே சித்தூரிலும் மீனாட்சிபுரத்திலும் வேறு பெற்றோரும் என்னிடம் கேட்டிருப்பதால் பத்திரிகை வழியாகவே எழுதுகிறேன். உங்கள் பெயரையும் பையன் படிக்கும் பள்ளியின் பெயரையும் விட்டுவிட்டேன். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்பது மட்டும் இருக்கட்டும்.

உங்கள் பி.டி.ஏ. கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றதை எழுதியிருந்தீர்கள். சுற்றுச்சுவரை உயர்த்த வேண்டும், கேட்டில் மெட்டல் டிடெக்டர் வைக்க வேண்டும், ரிட்டயர்டு பட்டாளக்காரர் ஒருவரைத் துப்பாக்கியோடு நிறுத்த வேண்டும் என்று ஒரு கட்சி. அமெரிக்காவில் நடப்பதை டி.வி.யில் பார்த்துவிட்டு இங்கே ஏன் பயப்பட வேண்டும், நம் நாட்டில் துப்பாக்கிச் சட்டம் கடுமையாகத்தானே இருக்கிறது என்று இன்னொரு கட்சி. யார் சொல்வது சரி என்று கேட்டிருந்தீர்கள். பிறகு, கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கும் கீழே, இடம் இல்லாமல் நெருக்கி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். லீவு விட்டால் பையன் நெடுங்கண்டத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவான், அங்கே ஏலக்காட்டில் பன்றிக்காகப் பெரியப்பா வைத்திருக்கும் துப்பாக்கி பரண்மேல்தான் இருக்கும், அதைப் பார்ப்பதில் அவனுக்கு அவ்வளவு ஆசை என்று.

அம்மணி, நான் அந்த வரியிலிருந்துதான் பதில் எழுதப் போகிறேன்.

முதலில் பயத்தைப் பற்றி. அந்தப் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2023 நவம்பர் 21 அன்று திருச்சூர் விவேகோதயம் பள்ளியில் பழைய மாணவன் ஒருவன் காற்றுத் துப்பாக்கியோடு உள்ளே வந்தான். ஆசிரியர் அறைக்குப் போனான், வகுப்புகளுக்குள் நுழைந்தான், மேல்நோக்கிச் சுட்டான். யாருக்கும் காயமில்லை. அவனைப் பிடித்துவிட்டார்கள். பாலக்காட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற ஊர் அது. அன்று மாலை எத்தனை வீடுகளில் பிள்ளைகள் வந்து சேரும்வரை வாசலிலேயே நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி நின்றவள்தான். என் பேத்தி திருச்சூரில் படிக்கவில்லை, ஆனாலும் நின்றேன்.

அந்தத் துப்பாக்கியைக் கடையில் விலைகொடுத்து வாங்கியிருந்தான். நம் நாட்டுச் சட்டப்படி குழலின் அகலம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. குரங்கு விரட்ட என்று நம் மலைப்பக்கத்தில் பலரும் வைத்திருப்பது அதைத்தான். ஆளைக் கொல்ல அது எளிதில் போதாது, கண்ணைப் பறிக்கப் போதும். ஒரு வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளவும் போதும், ஏனென்றால் கையில் இருப்பது எந்த வகை என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்?

சட்டம் கடுமையாக இருக்கிறது என்கிற கட்சிக்கும் பாதி நியாயம் உண்டு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயதுக்குள் இருப்பவருக்கு உரிமம் கிடையாது. 2019-ல் அதைத் திருத்தியபோது ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். உரிமமில்லாமல் துப்பாக்கி செய்து விற்பவருக்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை என்று ஏற்றினார்கள். அமெரிக்காவில் கடையில் போய் வாங்கி வருவதுபோல் இங்கே முடியாது. இங்கே பள்ளிச் சாவுகள் அங்கேபோல் இல்லாததற்கு இதுதான் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். பிரிட்டனும் அப்படித்தான் செய்தது. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுடப்பட்டுச் செத்தார்கள். மறு ஆண்டே கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்துக்கொள்வதைத் தடை செய்தார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் டன்பிளேன் போல் இன்னொரு பள்ளி இல்லை.

ஆனால் சட்டம் கடுமையாக இருந்தும் நம் நாட்டில் நடந்தவை இருக்கின்றன. 2007 டிசம்பரில் குர்கானில் தனியார் பள்ளி ஒன்றில் பதினான்கு வயது மாணவனை வகுப்புத் தோழர்கள் இருவர் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி அவர்களில் ஒருவனுடைய அப்பாவினுடையது. 2018 ஜனவரியில் ஹரியானாவின் யமுனாநகரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் தன் பள்ளி முதல்வரைச் சுட்டுக் கொன்றான். அதுவும் அப்பாவினுடையது, முறையாக உரிமம் பெற்றது. 2024 ஜூலையில் பீகாரின் சுபௌல் மாவட்டத்தில் ஐந்து வயதுக் குழந்தை, ஆம் அம்மணி, ஐந்து வயது, புத்தகப் பையில் துப்பாக்கி கொண்டுபோய் மூன்றாம் வகுப்புப் பையனைக் கையில் சுட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரில் பள்ளி முதல்வரைக் கொன்றது நாட்டுத் துப்பாக்கி. 2025 ஆகஸ்டில் உத்தரகண்டின் காசிப்பூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியரைச் சுட்டான். டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

இவற்றையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதும்போது ஒரு பத்தியில் ஊர், இன்னொரு பத்தியில் வருடம், மூன்றாவது பத்தியில் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று கோடு போட்டேன். மூன்றாவது பத்தியில் திரும்பத் திரும்ப வந்த சொல் வீடு. அமெரிக்காவிலும் இதுதான். அங்கே அதிபருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் சீக்ரெட் சர்வீஸ், பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2019-ல் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கியால் தாக்கிய மாணவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் அதைப் பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தார்கள். ஏறக்குறைய பாதிச் சம்பவங்களில் எடுப்பதற்குச் சிரமமே இருக்கவில்லை.

இனி உங்கள் கேட்டுக்கு வருவோம். உங்கள் பள்ளியில் எண்ணூறு பிள்ளைகள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மெட்டல் டிடெக்டர், ஒரு பிள்ளைக்குப் பத்து நொடி என்று வைத்தால் 8,000 நொடி. இரண்டே கால் மணி நேரம். ஒன்பதரைக்குப் பெல் அடிக்க வேண்டுமென்றால் ஏழே காலுக்கு முதல் பிள்ளை வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் பத்து நொடி போதாது. ஒவ்வொரு பையிலும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், காம்பஸ், மழைக்காலத்தில் குடைக்கம்பி, எல்லாம் மணி அடிக்கும். மூன்றாம் நாள் காவலாளி எல்லாரையும் விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

துப்பாக்கியோடு ஆளை நிறுத்துவது பற்றி நிறையப் படித்தேன். 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் ஆயுதமேந்திய அதிகாரி இருந்தார், பதில் சுடவும் செய்தார். பன்னிரண்டு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் காப்பாற்ற முடியவில்லை. 2018-ல் அதே நாட்டின் பார்க்லாந்துப் பள்ளியில் இருந்த அதிகாரி கட்டடத்துக்குள் போகவே இல்லை. பதினேழு பேர் செத்தார்கள். 2023 மே மாதம் செர்பியாவின் பெல்கிரேடு நகரத்தில் பதின்மூன்று வயதுப் பையன் அப்பாவின் துப்பாக்கியோடு பள்ளிக்குள் நுழைந்தபோது முதலில் விழுந்தவரே காவலாளிதான். 2022-ல் டெக்சஸின் யுவால்டியில் நடந்ததைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. 376 போலீஸ்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் அவர்கள் நுழைய 77 நிமிடம் ஆனது. உள்ளே பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும். குழந்தைகள் உள்ளேயிருந்து போன் செய்துகொண்டிருந்தார்கள்.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவரின் பேத்தி டெக்சஸில்தான் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் உட்காரப் பழக்கியிருக்கிறார்கள். லீவுக்குப் பொள்ளாச்சிக்கு வந்தபோது, கரண்ட் போனதும் அந்தக் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் வாயைப் பொத்திக்கொண்டதாம். நம் பிள்ளைகளுக்கு அது வர வேண்டாம், அம்மணி. கரண்ட் போனால் ஹோவென்று கத்துகிற பிள்ளைகளாகவே அவர்கள் இருக்கட்டும்.

கேட்டும் சுவரும் வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கம் பள்ளிக்குச் சுவர் வேறு காரணத்துக்கே தேவை. மூணாறு, சின்னக்கானல் பக்கம் போனால் அது யானைக்காக. உங்கள் ஊரில் ரோட்டோரம் ஓடும் டிப்பர் லாரிக்காக. வெளியாள் வந்தால் ஒரே வழியாக வரட்டும், பெயரெழுதி வரட்டும். அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 2012-ல் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் செத்த பிறகு அமைத்த குழு, உள்ளேயிருந்து பூட்டக்கூடிய வகுப்பறைக் கதவைத்தான் அழுத்திச் சொன்னது. அந்தப் பள்ளியின் வெளிவாசல் பூட்டித்தான் இருந்தது. கொலைகாரன் பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்துக்கொண்டு நுழைந்தான். உங்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் தட்டிதான் மறைப்பு என்று எழுதியிருந்தீர்கள். வசூலாகும் பணத்தில் அந்தத் தட்டிகளை எடுத்துவிட்டுச் சுவரும் கதவும் தாழ்ப்பாளும் போடுங்கள். பாடமும் நன்றாகக் கேட்கும்.

இப்போது பரணுக்கு வருகிறேன்.

உங்கள் மாமா, பையனின் பெரியப்பா, வைத்திருக்கும் துப்பாக்கிக்கு உரிமம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. இரண்டு வகைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அட்டப்பாடியிலிருந்து உடும்பஞ்சோலைவரை மலையோரத்தில் வாழ்கிறவர்களுக்குத் துப்பாக்கி வீட்டுக்கு வந்த காரணம் தெரியும். ராத்திரி ஒரு கூட்டம் பன்றி இறங்கினால் காலையில் மரவள்ளிக் காடு உழுத வயல்போல் கிடக்கும். வாழையைத் தள்ளிவிட்டுப் போயிருக்கும், சேம்பைத் தோண்டித் தின்றிருக்கும். ஒரு வருட உழைப்பு அது. 2022 மே மாதம் கேரள அரசு, பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தது. உரிமமுள்ள துப்பாக்கிக்காரர்கள்தான் சுட வேண்டும். அப்படிப்பட்டவரை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்கே போய்த் தேடுவது? ஆகவே கொல்லன் பட்டறையில் ரகசியமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கி பரணில் ஏறுகிறது. தேர்தல் வந்தால் உரிமமுள்ளதை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். உரிமமில்லாதது எந்தத் தேர்தலுக்கும் பரணைவிட்டு இறங்குவதில்லை.

பன்றிக்கென்று வந்தது பன்றியோடு நிற்பதுமில்லை. 2022 மார்ச்சில் இடுக்கி மூலமற்றத்தில் தட்டுக்கடையில் சாப்பாட்டை வைத்துத் தொடங்கிய வாய்ச்சண்டையில் ஒருவர் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்து வந்தார். பஸ்ஸில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் குண்டு பட்டுச் செத்தார். அதே ஆண்டு மூணாறு போத்தமேட்டில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டுச் செத்த பழங்குடி இளைஞரைக் கூடப்போனவர்களே புதைத்துவிட்டு வந்தார்கள். 2023 ஆகஸ்டில், உங்கள் அக்கா ஊருக்கு மிகப் பக்கத்தில், நெடுங்கண்டம் மாவடியில், வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர் மேல் குண்டு பாய்ந்தது. துப்பாக்கி மட்டுமல்ல, பன்றிக்குத் தீனிக்குள் வைக்கும் படக்க வெடியும் இப்படித்தான். 2020 மே மாதம் மண்ணார்க்காட்டுப் பக்கம் வெள்ளியாற்றில் வாய் கிழிந்து நின்று செத்த கர்ப்பிணி யானையை உலகமே பார்த்து அழுதது. 2025 ஆகஸ்டில் பாலக்காடு நகரத்தில் பள்ளி வளாகத்தில் கிடந்த உருண்டை ஒன்று வெடித்துச் சிறுவன் காயப்பட்டான். பன்றிப்படக்கம் போன்றது என்று செய்திகள் சொல்லின. உங்கள் பி.டி.ஏ. அந்தச் செய்தியைப் பற்றிப் பேசியதா?

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

தொண்ணூறுகளில் உடும்பஞ்சோலைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் இருந்தேன். ஏழாம் வகுப்பு. ஆனி மாத மழை, ஜன்னலை மூடினால் இருட்டு, திறந்தால் சாரல். மூன்றாவது பெஞ்சில் அதிகம் பேசாத பையன் ஒருவன். ஒரு நாள் கணக்குப் பாட நேரத்தில் இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் நிறுத்தி வைத்தான். காலித் தோட்டா. சிவப்புக் கூடு, பித்தளை அடி. ஒளித்து வைக்கவில்லை. நான் நடந்து வரும் பக்கமாக, என் கண்ணில் படும்படி வைத்திருந்தான். எனக்குக் கோபம் வந்தது. காதைத் திருகினேன். தோட்டாவை ஜன்னல் வழியாகக் கீழே ஏலச்செடிக்குள் எறிந்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஓணப் பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. தேனிப் பக்கம் மாமன் வீட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். மலையில் பிள்ளைகள் இறங்கிப் போவது புதிதல்ல, பதிவேட்டில் பெயருக்கு நேரே கோடு போட்டேன்.

ஏழெட்டு வருடம் கழித்துப் போடி பஸ் ஸ்டாண்டில் அவன் அம்மா என்னை அடையாளம் கண்டு வந்தார். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், நல்லா இருக்கான் என்றார். பேச்சோடு பேச்சாக அந்த நாளையும் சொன்னார். புருஷன் குடித்துவிட்டு வந்தால் துப்பாக்கியைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பாராம். அவர் தூங்கிய பிறகு பையன் எழுந்து தோட்டாவை உருவி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பானாம். விடிவதற்குள் திரும்பப் போட்டுவிடுவானாம். ஒரு ராத்திரி அவன் எழுவதற்கு முன்பே அவர் கூரையைப் பார்த்துச் சுட்டுவிட்டார். “அந்தக் கூட்டத்தான் டீச்சர்ட்ட காட்டுறேன்னு கொண்டு வந்தான்” என்றார். என்னைக் குறை சொல்கிற குரலே இல்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டு, கம்பம் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பையன் யாரையும் சுடவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு வீட்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை முழுக்க அவன் ஒருவனே செய்துகொண்டிருந்தான். என்னிடம் உதவி கேட்டான், நான் காதைத் திருகினேன்.

2021 நவம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் ஆக்ஸ்போர்டு பள்ளியில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. காலையில் கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தமும் வரைந்து, உதவி கேட்டும் எழுதியிருந்தான் மாணவன். டீச்சர் பார்த்துவிட்டார். பெற்றோரை அழைத்தார்கள். நான்கு நாளுக்கு முன்னால்தான் அப்பா அவனுக்கென்று துப்பாக்கி வாங்கியிருந்தார். அதை அவர்கள் பள்ளியில் சொல்லவில்லை, பையனை வீட்டுக்கு அழைத்துப் போகவுமில்லை. அவன் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. சில மணி நேரத்தில் நான்கு மாணவர்கள் செத்தார்கள். 2024-ல் நீதிமன்றம் அந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தலா பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை விதித்தது. சீக்ரெட் சர்வீஸ் இன்னும் முன்னால், 2002-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், பத்தில் எட்டுச் சம்பவங்களில் யாரோ ஒருவருக்காவது முன்பே விஷயம் தெரிந்திருந்தது என்று கண்டது. அந்த யாரோ பெரும்பாலும் இன்னொரு பிள்ளை. அந்தப் பிள்ளை பயமில்லாமல் வந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் எல்லைப் பக்கத்துக்கென்று ஒரு குறை இருக்கிறது. பள்ளியில் கவுன்சிலர் இருக்கிறாரா என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் இன்னொன்றையும் கேளுங்கள். அவருக்குத் தமிழ் வருமா? உங்கள் பையனுக்கு மலையாளம் நன்றாக வரும், கடையில் பேசுவான், பரீட்சை எழுதுவான். ராத்திரி வீட்டில் அப்பா அம்மாவை அடித்ததைச் சொல்ல அது போதாது. அழுகிற பாஷை வேறு, அம்மணி. தோட்டத்து லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள், அட்டப்பாடியின் இருளர் பிள்ளைகள், கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதிப் பிள்ளைகள், இவர்களெல்லாம் தங்கள் பேச்சில் வாய் திறக்க ஒருவர் அந்தப் பள்ளியில் இருக்க வேண்டும். அவர் ஆயாவாக இருந்தாலும் சரி, சத்துணவு சமைக்கிறவராக இருந்தாலும் சரி. பிள்ளை யாரிடம் சொல்கிறது என்று ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

2025 ஜனவரியில் உங்கள் மாவட்டத்தின் ஆனக்கரை அரசுப் பள்ளியில் போனைப் பிடுங்கியதற்காகப் பதினொன்றாம் வகுப்புப் பையன் பிரின்சிபாலை மிரட்டிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது நினைவிருக்கும். அவன் பேசியது தப்பு. ஆனால் பதினாறு வயதுப் பையன் ஆத்திரத்தில் தன்னை மறந்து நின்ற நிமிடத்தை ஒரு மாநிலமே பார்க்கும்படி ஆனதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பிறகு அவன் மன்னிப்புக் கேட்டான். அந்த வீடியோவைப் பார்த்த மற்றப் பிள்ளைகள் என்ன கற்றிருப்பார்கள்? மனசில் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் காட்டாதே, படம் பிடித்துவிடுவார்கள் என்றுதான். மிரட்டலை லேசாக விடச் சொல்லவில்லை. அன்றைக்கே பெற்றோரை அழைக்க வேண்டும், வீட்டில் ஆயுதம் ஏதும் உண்டா என்று நேரடியாகக் கேட்க வேண்டும், அவனோடு ஒருவர் தினமும் பேச வேண்டும். எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியவை.

குடகில் வீடுகளில் துப்பாக்கி இருப்பதைப் பற்றி உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. குடகர்களுக்கு உரிமம் வாங்குவதிலிருந்தே விலக்கு உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். கைல்போல்து பண்டிகையில் துப்பாக்கியை வைத்துப் பூஜை செய்கிறார்கள். அங்கே துப்பாக்கி வீட்டின் கௌரவம், எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருக்கும் பொருள், யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்று பாட்டிக்குக்கூடத் தெரியும். நம் பரணில் இருப்பது ஒளித்து வைத்த பொருள். அதற்கு முறையும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. பிள்ளைக்கு ஆசை வருவது ஒளித்து வைத்ததன்மேல்தானே?

உரிமமுள்ள துப்பாக்கி என்றால் 2016-ம் ஆண்டு விதிப்படி, பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துத்தான் உரிமம் வாங்க வேண்டும். அந்தத் தாளை எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் பூட்டு இருக்கிறது என்று போலீஸ் போய்ப் பார்க்க வேண்டும். அதைக் கேட்டு உங்கள் பி.டி.ஏ. மனு கொடுக்கலாம். மெட்டல் டிடெக்டருக்கு எம்.எல்.ஏ. நிதி கேட்பதைவிட அந்த மனுவில் நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவேன். உரிமமில்லாதது என்றால் தண்டனையைக் கூட்டுவதால் மட்டும் அது இறங்கி வராது. கூட்டக் கூட்ட இன்னும் ஆழமாக ஒளியும். தமிழ்நாட்டு மலைக் கிராமங்களில், ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீஸ் சொன்னபோது கொண்டுவந்து கொடுத்தார்கள். பெல்கிரேடு கொலைகளுக்குப் பிறகு செர்பிய அரசும் அப்படி அறிவித்தது, ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் அதைச் செய்ய வேண்டும். செய்கிற அன்றே பன்றிக்கு என்ன வழி என்பதையும் சொல்ல வேண்டும். வேலிக்கு மானியம், அழைத்தால் அன்றிரவே வரும் சுடுகிற ஆள், அழிந்த பயிருக்குக் காலத்தில் பணம். இதில் ஒன்றுகூட இல்லாமல் உங்கள் மாமாவிடம் துப்பாக்கியைக் கொடு என்றால் அவர் கொடுக்கமாட்டார். அவரிடத்தில் நானிருந்தாலும் யோசிப்பேன்.

ஆக, உங்கள் பி.டி.ஏ.வின் இரண்டு கட்சியாரும் பேசாத இடம் ஒன்று இருக்கிறது. கேட்டுக்கு வரும் முன் அந்தத் துப்பாக்கி ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியும்.

கிறிஸ்துமஸ் லீவுக்குப் பையனை அனுப்பும் முன் அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள். மாமாவிடமே நேராகப் பேச முடிந்தால் இன்னும் நல்லது. மரியாதையாகத்தான், ஆனால் சுற்றி வளைக்காமல் பேசுங்கள். துப்பாக்கி பரணைவிட்டு இறங்கி இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்க வேண்டும். வெடிமருந்தும் தோட்டாவும் வேறு இடத்தில் வேறு பூட்டில் இருக்க வேண்டும். சாவி அவர் இடுப்பில். இது முடியாது என்றால் இந்த லீவுக்குப் பையன் வரமாட்டான் என்று சொல்லுங்கள். அக்கா வருத்தப்படுவார். பரவாயில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகளும் அதே பரணுக்குக் கீழேதான் தூங்குகின்றன.

பிறகு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெரியப்பா துப்பாக்கியைத் தொட்டிருக்கிறாயா என்று கேளுங்கள். திட்டும் குரலில் கேட்காதீர்கள். தொட்டிருக்கிறேன் என்று சொன்னால், சொன்னதற்காகச் சந்தோஷப்படுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த பி.டி.ஏ. கூட்டம் எந்தத் தேதி என்றும் எழுதுங்கள். பொள்ளாச்சியிலிருந்து ஒரு பஸ் தூரம்தான், வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்